இல்லாததைச் சொல்லும் கட்டளை

ரௌஷன் ஒரு வரி விட்டுக்கொடுத்திருந்தால் மக்சூத் அகாய் திங்கட்கிழமையே மெர்க்கிக்கு ரயில் ஏறியிருப்பார். அவர் விட்டுக்கொடுத்திருந்தாலும் அப்படித்தான். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு காலிப் பட்டியலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சொந்த ஊரான மெர்க்கியில் அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். ஜனவரியில் நெஞ்சுவலி வந்து மருத்துவமனைக்குப் போய், பிழைத்து வீடு திரும்பியிருந்தாள். "வேலை முடிஞ்சதும் சனிக்கிழமை வந்து நிக்கிறேன்மா" என்று போனில் வாக்குக் கொடுத்திருந்தார். கிழவி அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாளாம். வெள்ளிக்கிழமையோடு அவர்கள் மென்பொருளின் புதிய பதிப்பின் கதவு சாத்தப்படும். அதற்குள் ரௌஷன் எழுதிய கட்டளை உள்ளே போயாக வேண்டும். அது உள்ளே போக மக்சூத் அகாயின் பெயர் அதன் அடியில் வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்துப் பெயர் போடாமல் ஒரு வரியும் உள்ளே போகாது என்பது அந்த அலுவலகத்தின் சட்டம். பிராசசர் பகுதிக்குப் பெயர் போடும் தகுதி அகாய் ஒருவருக்குத்தான் இருந்தது.

"மெர்க்கியிலேருந்தே படிச்சுப் பாக்கலாமே, அகாய்? அங்கயும் இன்டர்நெட் இருக்குல்ல?" என்று ரொடியோன் கேட்டான். ரொடியோன் பாக் அந்த அறையின் மூன்றாவது ஆள், கொரிய வம்சத்துப் பையன், சோதனைகள் எழுதுவது அவன் வேலை. அகாய் என்பது மூத்தவரை மரியாதையாகக் கூப்பிடும் சொல்.

"அங்க போனா நான் மகன்டா. விறகு பொளக்கணும், அம்மா பக்கத்துல உக்காரணும். இங்க இருந்தாத்தான் இஞ்சினியர். ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சா ரெண்டும் கெடும்" என்றார் அகாய்.

அல்மாத்தியில், மலையைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது அலுவலகம். பிப்ரவரிப் புகையில் மலை தெரியாது, அது வேறு விஷயம். அவர்கள் செய்யும் மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இரும்புச் சர்வருக்குள் பத்துப் பன்னிரண்டு பொய் இயந்திரங்களை ஓடவைக்கும். ஒவ்வொரு பொய் இயந்திரமும் தனக்கென்று ஒரு பிராசசர் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதுதான் தொழில். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியும். தூங்குகிற குழந்தையை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாற்றுவதுபோல.

போன இலையுதிர் காலத்தில் அந்தக் குழந்தை கீழே விழுந்தது. வடக்கே ஒரு ஊரில் ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கும் இயந்திரத்தைப் புதிய சர்வரிலிருந்து பழைய சர்வருக்கு மாற்றினார்கள். மாற்றுவதற்கு முன்னால் முறைப்படி கேட்டார்கள்: உனக்குத் தேவையான திறன்கள் எல்லாம் அங்கே இருக்கின்றனவா? மென்பொருள் "இருக்கின்றன" என்றது. அது இரும்பைப் பார்த்துச் சொல்லவில்லை. அமைப்புக் கோப்பில் என்ன எழுதியிருந்ததோ அதை ஒப்பித்தது. பழைய சர்வரின் பிராசசருக்கு ஒரு திறன் கிடையாது. அந்தத் திறன் தேவைப்பட்ட முதல் கணத்தில் இயந்திரம் செத்துப்போனது. அழைப்புகளை வாங்கும் பெண்கள் காகிதத்தில் முகவரி எழுதிக்கொண்டு டிரைவர்களைத் தேடி ஓடினார்கள். அதில் யாருக்காவது ஏதாவது ஆனதா என்று அல்மாத்திக்கு யாரும் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததை ரௌஷன் இன்றும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் புதிய கட்டளை ஒன்று வேண்டும் என்று முடிவாயிற்று. கோப்பைக் கேட்காமல், பொய்ப் பிராசசரையே நேராகக் கேட்கும் கட்டளை. உனக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள், உன்னிடம் உண்மையில் என்ன இருக்கிறது, எது குறைகிறது, ஏன் குறைகிறது. வடிவமைக்கும் பொறுப்பை ரௌஷனிடம் கொடுத்தார்கள். அவள் குளிர்காலம் முழுவதும் அதிலேயே கிடந்தாள். பதிலின் வடிவம், பெயர்கள், வரிசை, எல்லாவற்றையும் அகாய் ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டார்.

"குறைபவை"க்கு ஒரு பட்டியல் வைத்திருந்தாள். எதுவும் குறையவில்லை என்றால் அந்தப் பட்டியல் காலியாக வரும். இரண்டு அடைப்புக்குறி, நடுவில் ஒன்றுமில்லை.

"ஒண்ணுமில்லேன்னா எதுக்கும்மா காலிப் பெட்டிய அனுப்புற? பட்டியலையே விட்டுடு. பாக்கறவன் புரிஞ்சுப்பான்" என்றார் அகாய்.

"என்னன்னு புரிஞ்சுப்பான், அகாய்?"

"ஒரு குறையும் இல்லேன்னு."

"பாக்கவே முடியாமப் போயிருந்தா? அந்தப் பக்கத்து சர்வர் பழசு, நம்ம கேள்வியே அதுக்குப் புரியலேன்னு வைங்க. அப்பவும் பட்டியல் வராது. ரெண்டும் ஒண்ணாயிடுமே. ஒண்ணு, பாத்தேன், குறை இல்லேன்னு சொல்றது. இன்னொண்ணு, நான் பாக்கவே இல்லேன்னு சொல்றது."

"அதுக்குத் தனியா ஒரு எச்சரிக்கை விடலாம்."

"எச்சரிக்கையை எவன் படிக்கிறான்?"

"தங்கச்சி, எங்க வீட்ல சீனி தீந்துபோனாத்தான் வாங்கிட்டு வான்னு சொல்லுவாங்க. இருக்கறப்ப, 'இன்னிக்குச் சீனி இருக்கு, இன்னிக்கும் சீனி இருக்கு'ன்னு தினம் வந்து சொல்லிக்கிட்டா இருப்பாங்க? சொல்லலேன்னா நல்லாருக்குன்னு அர்த்தம். ஊர் உலகம் அப்படித்தான் நடக்குது."

"ஊர் உலகம் அப்படி நடக்கிறதாலதான் ஆம்புலன்ஸ் நின்னுச்சு."

முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். பழைய கட்டளையை எழுதியது மக்சூத் அகாய். ரொடியோன் எழுந்து, ஏதாவது செய்ய வேண்டுமே என்று, தேநீர்ப் பானையைத் தூக்கினான். அகாயின் கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றி வைத்தான்.

அகாய் கிண்ணத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏன்டா கொரியாக்காரா, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், என்னைத் துரத்துறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா ரெண்டு பேரும்?"

ரொடியோன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாமல் இல்லை, பதற்றத்தில் கை தவறிவிட்டது. உட்காரவேண்டியவருக்குக் கால் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். திரும்பத் திரும்ப வாங்கி, திரும்பத் திரும்ப ஊற்றி, அதிலேயே பேச்சு நீளும். தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். மூன்று பேரும் ஒரே வேலை செய்து ஒரே சம்பளம் வாங்கும் அந்த அறையில் தேநீர் ஊற்றும் வேலை மட்டும் எப்படியோ ரௌஷன் தலையில் விழுந்திருந்தது. யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளும் மறுக்கவில்லை. பெண்ணாகப் பிறந்தவளின் கைக்குப் பானை தானாக வந்துவிடும்போல. அன்று அவள் பானையை வாங்கி, அகாயின் கிண்ணத்தைக் கொட்டி, கால் கிண்ணம் ஊற்றி வைத்தாள். மன்னிப்பு என்று அவள் வாயால் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அவள் ஏன் அந்தக் காலிப் பட்டியலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று அகாய்க்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை.

அல்மாத்தியில் படிக்க வந்த இரண்டாம் வருடம், சொந்த ஊர் அயாகோஸிலிருந்து சித்தி போன் செய்தாள். "அப்பாவுக்குக் கால் வலிக்குதாம். ஒண்ணும் அவசரமில்ல. சும்மா வந்து பாத்துட்டுப் போ" என்றாள். அவசரமில்லை என்றதால் ரௌஷன் ஒரு பரீட்சையை எழுதி முடித்துவிட்டுக் கிளம்பினாள். போகும்போது மருந்துக்கடையில் கால் வலிக்கு நல்ல களிம்பாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தெருமுனை திரும்பியபோது வீட்டு வாசலில் ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். சாவு வீட்டு வழக்கப்படி கம்பில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அப்பாவை அடக்கம் செய்து ஒரு நாள் ஆகியிருந்தது. அவள் கையில் களிம்போடு நின்றாள். எல்லாரும் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நீ ரயிலில் தனியாக வருகிற பிள்ளை, தாங்கமாட்டாய் என்றுதான் சொல்லவில்லை என்றார்கள். அன்பினால்தான் செய்தார்கள். அந்த அன்பை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த ஊர்ப்பக்கம் வழக்கமே அதுதான். கெட்ட சேதியை நேராகச் சொல்வது மிருகத்தனம். பெரியவர்கள் கூடி வந்து, சுற்றி வளைத்து, வேறு எதையெதையோ பேசி, கேட்கிறவனே மெல்லப் புரிந்துகொள்ளும்படி விடவேண்டும். தொலைவில் இருப்பவனை முதலில் ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டுக்கு வரவழைக்க வேண்டும். எத்தனையோ பேர் அந்த வழக்கத்தின் தோளில் சாய்ந்து தாங்க முடியாததைத் தாங்கியிருக்கிறார்கள். ரௌஷனுக்கு மட்டும் கால் களிம்புதான் ஞாபகம் வரும்.

செவ்வாய்க்கிழமை ரொடியோன் அவளைத் தனியே பிடித்துக்கொண்டான். "விட்டுத் தொலையேன், ரௌஷன். மனுஷன் அம்மாவப் பாக்கப் போகட்டும். ஒரு காலிப் பெட்டிக்காக அவரை இங்கயே கட்டிப்போட்டு வெச்சிருக்கியே."

"நானா கட்டிப்போட்டேன்? பேரைப் போட்டுட்டுப் போகச் சொல்லு."

"அவரு பேரைப் போடமாட்டாருன்னு உனக்கே தெரியும். தப்புன்னு நினைக்கிறதுல அவரு பேரு போட்டதே இல்ல."

அது உண்மை. அந்த ஒரு குணத்துக்காகத்தான் அவள் அவரை மதித்தாள். சாயங்காலம் ஒருதரம் கோப்பைத் திறந்து, பட்டியல் காலியாக இருந்தால் விட்டுவிடும்படி மாற்றியும் பார்த்தாள். நாலு வரிதான். கண் முன்னால் அந்தப் பழைய பதில் வந்து நின்றது: இருக்கின்றன, இருக்கின்றன. பூசி மெழுகுவதற்கு இன்னொரு கட்டளை எதற்கு? மாற்றியதை அழித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை மதியம் அகாய் வழக்கம்போல வராந்தாவுக்குப் போய்த் தம்பி ஓஸ்பானோடு பேசிவிட்டு வந்தார். அம்மாவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது ஓஸ்பான்தான். நாலு மணிக்குத் தேநீருக்கு உட்கார்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது. ரொடியோன் கொண்டுவந்த கேரட் பொரியலும், அகாயின் மனைவி கொடுத்தனுப்பிய எண்ணெயில் பொரித்த சின்ன ரொட்டிகளும் மேசையில் இருந்தன.

"நம்ம சிவப்புக் குதிரை முன்கூட்டியே குட்டி போட்டுடுச்சாம்" என்று ஆரம்பித்தார். "பிப்ரவரியில எவ குட்டி போடுவா? இவ போட்டிருக்கா. நெத்தியில வெள்ளையாம். குட்டிய வீட்டுக்குள்ளயே கட்டி வெச்சிருக்கானாம், பொண்டாட்டி திட்டுறாளாம். பனி வேலி உயரத்துக்குக் கிடக்காம். அவன் பெரிய பையன் கணக்குல முதலாவதா வந்திருக்கான். என்னை மாதிரி."

"உங்கள மாதிரின்னா கணக்குல முதல், கட்டளையில கடைசி" என்றான் ரொடியோன்.

"வாய மூடித் தின்னு. அப்புறம், எங்க அக்கா வந்திருக்காளாம் சிம்கென்டிலேருந்து. ரெண்டு நாளா அங்கதான் இருக்காளாம். அவ வந்தா வீடே சந்தைதான். பக்கத்து வீட்டுக் கெழவரும் ரெண்டு வேளையும் வந்து உக்காந்திருக்காராம். கார்ல வராதீங்க அண்ணே, ரயில்ல வாங்கன்னான். சனிக்கிழமைக்குப் பதிலா வெள்ளிக்கிழமையே முடிஞ்சா வாங்கன்னான். குட்டியப் பாக்கணும்ல?"

ரௌஷனின் கை பானையின் மேலேயே நின்றது. குதிரை, குட்டி, பனி, பையன், அக்கா, அண்டை வீடு. ஒன்று விடாமல் வந்திருந்தது. பிப்ரவரியில், வாரத்தின் நடுவில், அந்தப் பனியில், சிம்கென்டிலிருந்து அக்கா வந்திருக்கிறாள்.

"அம்மா எப்படி இருக்காங்களாம், அகாய்?" என்று கேட்டாள்.

"அம்மாவப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றார் அகாய், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "ஏதாவதுன்னா சொல்லியிருப்பான்ல."

வாரம் முழுவதும் நேராகச் சொல், நேராகச் சொல் என்று மேசையைத் தட்டியவள்தான் ரௌஷன். இப்போது சொல்ல வேண்டிய இடத்தில் அவளுக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் யார்? வயதில் சின்னவள், சொந்தக்காரியும் இல்லை. தெரிந்துவைத்துக்கொண்டா சொல்லப்போகிறாள்? ஊகம்தானே. அந்த வீட்டார் தங்கள் மகனுக்குச் சொல்லத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கலைக்க அவளுக்கு என்ன உரிமை? இதெல்லாம் ஒரு மூச்சுக்குள் அவள் மனதில் ஓடியது. கை மட்டும் நிற்காமல் அவருடைய கிண்ணத்தை எடுத்தது. கால் அளவு வந்தது, அரை வந்தது, அவள் நிறுத்தவில்லை. விளிம்பில் பால் தேநீர் தளும்பிச் சாஸரில் வழிந்தது. அதை இரண்டு கையாலும் அவர் முன்னால் வைத்தாள்.

ரொடியோன் சிரிக்கப்போனவன் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

அகாய் கிண்ணத்தைப் பார்த்தார். "என்னம்மா, இப்ப நீயா?"

"போங்க, அகாய்."

"எங்க போகச் சொல்ற? சண்டை இன்னும் முடியலியே."

"ஊருக்குப் போங்க. இன்னிக்கே."

"என்ன சொல்ற நீ? நேராச் சொல்லு."

அவர்தான் கேட்டார், நேராகச் சொல் என்று. ரௌஷன் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். "உங்க தம்பி எல்லாரப் பத்தியும் சொல்லியிருக்காரு. குதிரைக்குட்டி வரைக்கும். அம்மா நல்லாருக்காங்கன்னு சொன்னாரா, இல்ல அம்மாவப் பத்திப் பேசவே இல்லியா? ரெண்டும் வேற, அகாய். எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் தப்பாக்கூட இருக்கலாம். தப்பா இருந்தா என்னைத் திட்டுங்க. ஆனா திரும்பக் கேளுங்க. எங்கப்பாவுக்கு இப்படித்தான் கால் வலின்னாங்க."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

மக்சூத் அகாய் கொஞ்ச நேரம் ரொட்டித் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய்ப் போனை எடுத்தார். வராந்தாவுக்குப் போகக்கூடத் தோன்றவில்லை.

"ஓஸ்பான். அம்மா நல்லாருக்காளா?... நான் குட்டியக் கேக்கல... பனியையும் கேக்கல. டேய், நான் உன் அண்ணன். அம்மா இருக்காளா இல்லியா, அத மட்டும் சொல்லு."

மிகத் தொலைவிலிருந்து ஓர் ஆணின் அழுகை அந்த அறைக்குள் கேட்டது.

"ம்" என்றார் அகாய். "ம். எப்பலேருந்து?... அக்கா அதுக்குத்தான் வந்தாளா... சரி. அழாதே. சரின்னு சொல்றேன்ல."

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் கறுத்திருந்தது. கோபம் இல்லை. "மூச்சு இருக்கு. திங்கக்கிழமையிலேருந்து கண்ணைத் திறக்கிறதும் மூடுறதுமா இருக்காளாம். திறந்தா என் பேரைத்தான் கேக்குறாளாம். சொன்னா நான் பதறிக்கிட்டு அந்தப் பனியில கோர்தாய்க் கணவாய் மேல காரை ஓட்டிட்டு வந்து, எங்கயாவது உருண்டுடுவேன்னு பயந்துபோய்ச் சொல்லல. அவனும் பாவம். தப்புன்னு சொல்ல முடியாது."

திங்கட்கிழமையிலிருந்து. ரௌஷன் அந்தச் சொல்லை விழுங்கினாள். திங்கட்கிழமையிலிருந்து அவரை இங்கே உட்காரவைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

அகாய் கிண்ணத்தை எடுத்தார். தளும்பிய தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். ரொடியோன் அதற்குள் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"அகாய்" என்று ரௌஷன் பின்னாலேயே போனாள். "நீங்க சொன்ன மாதிரியே எழுதிடறேன். காலிப் பெட்டி வேணாம். எடுத்துடறேன்."

அவர் கோட்டின் ஒரு கையை மாட்டியபடி நின்றார். "அதுல கை வெக்காதே" என்றார். அவ்வளவுதான். மாடிப்படியில் இறங்கும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை ஒரு தகவலும் வரவில்லை. புதன்கிழமை சாயங்கால ரயிலில் ஏற்றிவிட்டேன் என்று ரொடியோன் சொன்னதோடு சரி. ரௌஷன் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். இப்படிப்பட்ட வீட்டுக்குப் போன் செய்து என்னவென்று கேட்பது? வேலையையாவது பார்ப்போம் என்று சோதனைச் சர்வர்களில் கட்டளையை ஓட்டிப் பார்த்தாள். புதிய சர்வரில் பட்டியல் காலியாக வந்தது. பழைய சர்வரில் குறைகிற திறனின் பெயரும், இந்த இரும்பில் அது இல்லை என்ற காரணமும் வந்தன. மூலையில் கிடந்த மிகப் பழைய சர்வர் ஒன்றுக்குக் கேள்வியே புரியவில்லை. பதிலில் பட்டியலே இல்லை. எல்லாம் அவள் வரைந்தபடிதான் வேலை செய்தது. அந்த மூன்றாவது பதிலை மட்டும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"போன் வரலேன்னா நல்லபடியாத்தான் இருக்கும்" என்றான் ரொடியோன், ஆறுதலாக.

"வரலேன்னா வரலேன்னு மட்டும்தான்டா அர்த்தம்!" என்று கத்திவிட்டாள். பிறகு அவனுக்குக் கால் கிண்ணம் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. மக்சூத் அகாய்.

பின்னால் ஆட்கள் நடமாடும் சத்தமும், ஒரு நாய் குரைப்பதும் கேட்டன. ரௌஷன் எழுந்து நின்றுகொண்டாள். அவர் ஊரைப் பற்றி, பனியைப் பற்றி, ரயிலைப் பற்றி ஆரம்பிப்பார் என்று நினைத்தாள். ஐம்பத்தைந்து வயது மனிதர், நாலு பேருக்கு முன்னால் முறையோடு பேசத் தெரிந்தவர்.

"ரௌஷன், அம்மா இன்னிக்குக் காலையில செத்துப்போயிட்டா" என்றார்.

அந்த ஊர்ப்பக்கத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அவர் சொன்னார். அவளுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றே, நிறுத்திச் சொன்னார்.

"அவங்க ஈமானோட போகட்டும், அகாய்" என்றாள். விசுவாசத்தோடு போகட்டும் என்று இழவுக்குச் சொல்லும் வார்த்தை அது.

"நேத்து நான் போனப்ப முழிச்சிருந்தா. என்னைத் தெரிஞ்சுது. கைய விடவே இல்ல. ரோடு எப்படி இருக்குன்னு கேட்டா. நான் மறைக்கல. மோசமா இருக்கும்மா, ரெண்டு பக்கமும் பனி, ரயிலே நின்னு நின்னுதான் வந்துச்சுன்னேன். அப்ப ஏன்டா வந்தேன்னு திட்டினா." அவர் சிரித்தார், அல்லது சிரிக்கப் பார்த்தார். "ஒரு ராத்திரி முழுக்க என் கூட இருந்தா. நாளைக்குன்னு விட்டிருந்தா எனக்கு அது இல்ல."

ரௌஷனுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை. "நான் திங்கட்கிழமையே விட்டுக்கொடுத்திருந்தா உங்களுக்கு இன்னும் ரெண்டு ராத்திரி கிடைச்சிருக்கும், அகாய்."

"ஆமா, கிடைச்சிருக்கும்" என்றார் அவர். பூசி மெழுகவில்லை. "நான் விட்டுக்கொடுத்திருந்தாலும் கிடைச்சிருக்கும். அத ரெண்டு பேரும் சுமந்துக்குவோம். இப்ப கதவ எப்ப சாத்துறாங்க?"

"ஆறு மணிக்கு. அத இப்ப நினைக்காதீங்க, அகாய். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"அந்தக் காலிப் பட்டியல் பத்திக் கையேட்டுல என்ன எழுதியிருக்க? படி."

அவள் திரைக்கு முன்னால் குனிந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தாள். பட்டியல் காலியாக வந்தால், பார்த்தாயிற்று, எதுவும் குறையவில்லை என்று பொருள். பட்டியலே வராவிட்டால், பார்க்க முடியவில்லை என்று பொருள்.

அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "வர்றேன்" என்று அவர் குரல் கொடுத்தார். பிறகு, "இன்னும் ஒரு வரி சேத்துக்கோ" என்றார். சொன்னார். அவள் தட்டச்சு செய்தாள்.

"கீழ என் பேரைப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ரொடியோன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். "என்ன சொன்னாரு?" என்றான். ரௌஷன் அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள்: அம்மா இன்று காலையில் செத்துப்போனாள், அவர் ஒரு ராத்திரி கூட இருந்தார். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று கதவு சாத்துவதற்குள் கட்டளை உள்ளே போனது. கையேட்டில் அந்த இடத்தில் இப்போதும் மூன்று வரிகள் இருக்கின்றன. முதல் இரண்டும் ரௌஷன் எழுதியவை. மூன்றாவது அவர் போனில் சொன்னது: "பட்டியல் வராததை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ளாதே, திரும்பக் கேள்." அடியில் மக்சூத் அகாயின் பெயர் இருக்கிறது. அவர் சொன்னதில் அவள் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.